ஊசி நோட்டு

ஜனவரி 6, திங்கள்

தையல் நூல் கடைக்காரர் கொடுத்த டைரி. பச்சை அட்டை, தங்க எழுத்து. கரூரில் இந்த டைரி வாங்கும் தகுதி மொத்தம் பன்னிரண்டு பேருக்குத்தான் என்று கடைக்காரர் சொன்னார். வாயால் சொல்லவில்லை, முகத்தில் எழுதியிருந்தது.

பின்னாளில் இதை அச்சுப்போடப் போகிறவர்களுக்காக என்னைப் பற்றிச் சுருக்கமாக. பெயர் குழந்தைசாமி. ஊரில் பாதிப் பேருக்கு நான் மாமா. மீதிப் பேர் அப்படிக் கூப்பிட ஆசைப்பட்டு, வெட்கத்தில் நிற்கிறார்கள். அடுப்படிக் கையுறையும் ஏப்ரனும் தைத்துக் கொடுக்கும் கம்பெனி வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு தையல் மெஷின். நான் ஒரு வாரம் கடையை மூடினால் லண்டனில் பாதிப் பேருக்குக் கை வெந்துபோகும். படிப்பு எட்டாம் வகுப்பு. ஒன்பதில் என்னை வைத்துக்கொள்ள வாத்தியார்களுக்குத் தைரியம் வரவில்லை. 'இனி இவனுக்குச் சொல்லித்தர நம்மிடம் என்ன இருக்கிறது' என்று கூடிப் பேசி அனுப்பிவைத்தார்கள்.

ஆபீசுக்கு ஒரு டிகிரி ஆள் எடுக்கப் போகிறேன். இதற்கு முன் என் அக்கா மகள் கோகிலா நான்கு வருடம் இருந்தாள். அக்டோபரில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். போகட்டும். அவள் இங்கே என்ன கிழித்தாள்? நான் சொன்னதை டைப் அடித்தாள். இதை ஆயுத பூஜை அன்று எல்லார் முன்னாலும் சொன்னதற்காக ஒருத்தி கோபித்துக்கொண்டு போவாளா?

போன வாரம் சரக்கு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தான். எங்களுக்கு ஆர்டர் தரும் ஏற்றுமதிக் கம்பெனி எழுதியது. முழுக்க இங்கிலீஷ். மூன்று தடவை மெயில் போட்டும் பதில் இல்லாததால் கையில் கொடுத்துவிட்டார்களாம். மெயில் எல்லாருக்கும்தான் போகிறது. ஆள் வைத்துக் கடிதம் அனுப்புவது எத்தனை பேருக்கு? "இதுக்கும் பதில் வரலீன்னா அடுத்த ஆர்டரு வேற யூனிட்டுக்குப் போயிரும்னு பேசிக்கிறாங்கண்ணா" என்றான் டிரைவர். டிரைவருக்கு ஸ்டீரிங் பிடித்தால் போதாதா? கடிதத்தை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கிறது. அதுதான் தாமதம்.

ஜனவரி 7, செவ்வாய்

ஆள் தேவை என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். போடுவதற்கு முன் பெரிய கம்பெனிக்காரர்கள் எப்படிப் போடுகிறார்கள் என்று படித்துப் பார்த்தேன். சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. தொடர்புத் திறன் வேண்டுமாம். வாய் இருக்கிறவன் எல்லாம் பேசுகிறான், இதில் என்ன திறன்? குழுவாகச் செயல்படும் திறன் வேண்டுமாம். கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றுகிறவனிடம் இருக்கிறது அது, அவன் பட்டமா வாங்கினான்? பிரச்சினையைத் தீர்க்கும் திறன் வேண்டுமாம். பிரச்சினையை நான் தீர்த்துக்கொள்வேன். சம்பளத்துக்கு வருகிறவன் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவராமல் இருந்தால் போதும். கடைசியில் தலைமைப் பண்பு. ஒரு கட்டடத்துக்கு அது ஒன்று போதும். இங்கே இருக்கிறது.

நான் வைக்கப்போவது வேறு பரீட்சை. யாரும் கேள்விப்பட்டிராதது.

ஜனவரி 8, புதன்

ஹரிசுதன் என்று ஒருவன் வந்தான். எம்.பி.ஏ. பிளாஸ்டிக் உறைக்குள் ஆறு பக்கம். அதில் அவன் போட்டோ மட்டும்தான் எனக்கு நம்பும்படி இருந்தது.

முதல் பரீட்சை: மின்வாரியத்துக்குக் கொடுக்க வேண்டிய ஒரு விண்ணப்பம் இரண்டு மாதமாகக் கிடந்தது. அதை நிரப்பச் சொன்னேன். நிரப்பினான். இரண்டாம் பரீட்சை: கண்ணாடிக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்து, "இதுல என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லு பார்க்கலாம். எனக்குத் தெரியும், நீ சொல்றது சரியான்னு பார்ப்பேன்" என்றேன்.

இரண்டு நிமிடம் மேய்ந்தான். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றாங்க சார். இருபதாம் தேதி. கோஆபரேட் பண்ணச் சொல்றாங்க."

"அவ்வளவுதானா?"

"மத்ததெல்லாம் ஃபார்மாலிட்டி சார். பை த வே, உங்க மெயில் பாஸ்வேர்டு கொடுத்தா இப்பவே ஒரு அக்னாலெட்ஜ்மென்ட் போட்டுடலாம்."

என்ன திமிர் பாருங்கள். வந்த அன்றே வீட்டுச் சாவி கேட்கிறான். பாஸ்வேர்டு என் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை எடுக்கும் வழி கோகிலாவுக்குத் தெரியும், அது வேறு விஷயம். சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டேன். விண்ணப்பத்தை மின்வாரிய ஆபீசில் கொடுத்தாயிற்று.

ஜனவரி 10, வெள்ளி

இன்று பிரவீன்ராஜ். பி.காம். பேசும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டே பேசினான், அதற்குத்தான் நான் வேலை கொடுக்கப்போகிற மாதிரி.

முதல் பரீட்சை: பிரிண்டர் நவம்பரிலிருந்து ஓடவில்லை. ஓட வைத்தான். இரண்டாம் பரீட்சை: அதே கடிதம்.

"இருபத்தெட்டாம் தேதிக்குள்ள ரிப்ளை பண்ணணும்ங்கண்ணா. ஏதோ ரெஜிஸ்டர் ரெடி பண்ணச் சொல்லியிருக்காங்க."

அவன் இருபதாம் தேதி ஆள் வருகிறது என்கிறான். இவன் இருபத்தெட்டுக்குள் பதில் என்கிறான். ஒரே தாள், இரண்டு பட்டதாரி, இரண்டு தேதி. இதற்காகவா அப்பன்கள் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்கள்?

இவனையும் எடுக்கவில்லை. கிளம்பும்போது, "முன்னாடி இந்த வேலையெல்லாம் யாருங்கண்ணா பார்த்தாங்க?" என்று கேட்டான். தேவையில்லாத கேள்வி. பிரிண்டர் நன்றாக ஓடுகிறது.

ராத்திரி சாப்பிடும்போது தெய்வானை, அதாவது என் வீட்டுக்காரி, ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, கோகிலாவுக்கு ஒரு போன் போட்டா என்ன கொறைஞ்சிருவீங்க?"

"எதுக்கு?"

"கண்ணாடி மாத்தறதுக்குத்தான்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஆபீசைச் சுத்தம் செய்தேன். நானே, தன்னந்தனியாக, பத்து ஆள் வேலை. கோகிலாவின் அலமாரியில் சேர்த்து வைத்திருந்த குப்பையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. காலண்டர் அட்டை, தீர்ந்துபோன பேனா, நீல அட்டை போட்ட ஒரு நீள நோட்டு. அந்த நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் உடைந்த ஊசி. துண்டு துண்டாக செலோடேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதி, மெஷின் நம்பர். டிகிரி முடித்த பெண்! துருப்பிடித்த ஊசியை ஆல்பம் போட்டு வைத்திருக்கிறாள். பைத்தியம் பிடிக்கும் முன்பே போய்ச் சேர்ந்தாளே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டாயிற்று. ஆபீஸ் இப்போது கல்யாண மண்டபம் போல இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வெல்லம் குறைவு. தெய்வானையிடம் சொல்லவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

கோகிலா போன் செய்தாள். நான்காவது தடவை. அனுபவச் சான்றிதழ் வேண்டுமாம்.

"மாமா, முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள குடுக்கணும். இல்லீன்னா இப்பத்தான் காலேஜ் முடிச்சு வந்தவங்க சம்பளத்துலயே வெச்சிருவாங்க. நாலு வருஷம் பார்த்தது இல்லீன்னு ஆயிரும் மாமா."

"என்ன பார்த்தேன்னு எழுதறது? டைப் அடிச்சான்னு எழுதினா பரவால்லையா?"

பிறகு, "நல்லா இருக்கீங்களா மாமா, மருந்து சாப்பிடறீங்களா?" என்றாள். வைத்துவிட்டேன். பேச்சை மாற்றுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

ஒரு நல்ல சேதி. குளித்தலைப் பக்கம் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு: 'வேலை தருவோர் புதிய பட்டதாரிகளிடம் எதிர்பார்ப்பது என்ன?' முதலில் வேறு ஒரு பெரிய ஏற்றுமதிக்காரரைக் கேட்டார்களாம், அவருக்கு அன்று வேலை இருக்கிறதாம். உண்மையில் என்னைத்தான் கேட்க நினைத்திருப்பார்கள், கூச்சம்.

ஜனவரி 20, திங்கள்

கல்லூரிக் கூட்டம். ஐயாயிரம் பேர். நாற்காலி இருநூறுதான் போட்டிருந்தார்கள்; மீதிப் பேர் மனதளவில் நின்றிருந்தார்கள்.

பொன்னாடை. பிறகு பேச்சு. என் கம்பெனியில் நானூறு மெஷின் என்று ஆரம்பித்தேன். சொல்லி முடித்ததும் ஒரு அமைதி வந்தது பாருங்கள், அதற்காகவே இன்னொரு நூறு சேர்த்திருக்கலாம். லண்டன்காரர்களோடு தினமும் கடிதப் போக்குவரத்து என்றேன். உங்கள் சான்றிதழை நான் மதிப்பதில்லை, உங்கள் ஆறு பக்கத்தை நான் மதிப்பதில்லை, இரண்டு தேதியைச் சரியாகப் படிக்கத் தெரியாதவனுக்குப் பட்டம் எதற்கு என்று விளாசினேன். பேராசிரியர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தூங்கவும் செய்தார், வெட்கத்தில்.

கடைசியில் கேள்வி நேரம். போன வருடம் படிப்பை முடித்தவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அதில் ஒரு பெண் எழுந்தாள். பெயர் நிவாஷினி, பி.எஸ்சி. இயற்பியல்.

"சார், நீங்க கடைசியா வேலைக்கு எடுத்த பட்டதாரி யாரு? அவங்ககிட்ட என்ன திறமை இருந்துச்சு?"

"என் அக்கா மகதான். திறமை என்ன திறமை. நான் சொன்னதை டைப் அடிச்சா."

"நானூறு மெஷினுக்கு ஆபீஸ்ல அவங்க ஒரே ஆளா சார்?"

"ஆமா."

"அப்போ பெரிய ஆளாத்தான் சார் இருக்கணும்."

மொத்தக் கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன், பெருந்தன்மையாக. "வாய் இருக்கிற அளவுக்குத் தைரியம் இருந்தா நாளைக்குக் கம்பெனிக்கு வா, பரீட்சை வெக்கிறேன்" என்றேன். கைதட்டல் பத்து நிமிடம்.

இன்று இருபதாம் தேதி. யாரும் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரவில்லை. அந்த எம்.பி.ஏ. சொன்னது பொய்.

ஜனவரி 21, செவ்வாய்

காலை ஒன்பதுக்கு அந்தப் பெண் வந்து நின்றாள். உள்ளே வந்ததும் வணக்கம் சொல்லவில்லை. வரிசையை விரலால் எண்ணினாள்.

"இருபத்திரண்டுதான் சார் இருக்கு."

"மீதி சர்வீசுக்குப் போயிருக்கு."

"முன்னூத்தி எழுபத்தெட்டுமா சார்?"

தையல்காரிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் மெஷினை நிறுத்தினார்கள். மூத்த தையல்காரி மாரக்காள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பரீட்சை. கடிதத்தைக் கொடுத்தேன். மற்ற இருவரும் இரண்டு நிமிடத்தில் முடித்ததை இவள் எட்டு நிமிடம் படித்தாள். ஒரு வார்த்தைக்குப் போனில் அர்த்தம் பார்த்தாள். திருப்பி முதலிலிருந்து படித்தாள். இயற்பியல் மந்தம்தான் என்று முடிவு கட்டும்போது கேட்டாள்:

"சார், இது பரீட்சையா, நிஜமா?"

"ஏன்?"

"இருபதாம் தேதிக்குள்ள பதில் போடணும். இருபத்தெட்டாம் தேதி, வெளிநாட்டுக் கம்பெனி சார்பா சோதனை பண்ண ஆள் வருவாரு. ரெண்டு தேதியும் இருக்கு. சோதனையில தேறலைன்னா மார்ச்சிலிருந்து ஆர்டர் கிடையாது. பரீட்சைன்னா நான் பாஸ் சார். நிஜம்னா…"

முடிக்கவில்லை. மரியாதை தெரிந்த பெண்.

"நிஜம்தான்" என்றேன். "உன்னைச் சோதிக்க ஒரு நாள் தள்ளி வெச்சேன்."

என் போனை வாங்கி ஏற்றுமதிக் கம்பெனிக்குப் பேசினாள். "கடிதத்தை இன்னிக்குத்தான் படிச்சோம், மன்னிச்சிருங்க, இன்னிக்கே பதில் வந்துரும்" என்றாள். இதைவிடக் கேவலமான காரணம் உலகத்தில் உண்டா? முதலாளி சிங்கப்பூர் போயிருந்தார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் சரி என்றுவிட்டார்கள். அவர்களுக்கும் ரசனை இல்லை.

பிறகு என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்று வாசித்தாள். தீயணைப்பு சிலிண்டர் நிரப்பி இருக்க வேண்டும். வருகைப் பதிவேடு வேண்டும். மூன்றாவது, ஆறு மாதத்து உடைந்த ஊசிப் பதிவேடு.

"அது என்ன புதுசா?"

"புதுசு இல்ல சார். எங்கம்மா பதினெட்டு வருஷமா தையல் யூனிட்லதான் இருக்காங்க. ஊசி உடைஞ்சா எல்லாத் துண்டையும் கண்டுபிடிச்சு ஒட்டி வெச்சாத்தான் புது ஊசி குடுப்பாங்க. ஒரு துண்டு காணாமப் போனாலும் காந்தத்தை வெச்சுத் தேடுவாங்க. கையுறைக்குள்ள மாட்டியிருந்தா யாரோ கை போடுவாங்க இல்ல?"

"ஒட்டி வெக்கிறதுன்னா… நீள நோட்டிலயா?"

"ஆமா சார். செலோடேப் போட்டு, தேதி, மெஷின் நம்பர் எழுதி."

"நீல அட்டையா இருக்குமா?"

"அட்டை எந்தக் கலரா வேணா இருக்கலாம் சார்."

அறையில் காற்றே இல்லை. ஃபேன் பழசு. வியர்த்துவிட்டது.

சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு சும்மா ஒரு சுற்றுப் போய்வந்தேன். பழைய பேப்பர்க் கடை வழியாகப் போகும்படி ஆகிவிட்டது. "போகிச் சரக்கெல்லாம் அன்னைக்கே லாரி ஏறி மில்லுக்குப் போயிருச்சுங்க" என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

ஜனவரி 22, புதன்

ஒரு யோசனை தோன்றியது. பிரச்சினையைத் தீர்க்கும் திறன் என்று வானொலியில் பேசக் கூப்பிட்டால் இதைச் சொல்வேன். நிவாஷினி நாளைதான் வேலையில் சேருகிறாள். இன்று என் நாள்.

புது நோட்டு ஒன்று. பத்து ஊசி அடங்கிய ஆறு பாக்கெட், உதிரி நான்கு. ஆக அறுபத்து நான்கு. மாரக்காளைக் கூப்பிட்டு குறடைக் கையில் கொடுத்தேன்.

"ஒவ்வொண்ணா ஒடி."

"ஏனுங் மொதலாளி, இது எந்தச் சாமிக்கு வேண்டுதலுங்?"

"பேசாம ஒடி."

"புது ஊசிங்க. நேத்து ஒரு ஊசி கேட்டதுக்கு, பழசத் தீட்டிப் போடுன்னீங்களே."

சரியாக நாலரை மணிக்கு ஆரம்பித்து ஐந்துக்குள் முடித்துவிட்டோம். ஒட்டியது நானே. தேதி எழுதியதும் நானே. ஜூலைப் பாதியிலிருந்து சீராக, மூன்று நாளைக்கு ஒன்று. கோகிலாவின் நோட்டில் ஒரே கோணல்மாணல், ஒரு பக்கத்தில் ஐந்து, ஒரு பக்கத்தில் ஒன்றுமில்லை. என்னுடையது அச்சடித்தது போல இருக்கிறது. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

நிவாஷினி நோட்டைப் பார்த்துவிட்டாள். இரண்டு பக்கம் புரட்டினாள், மூடினாள்.

"சார், இதைக் காட்டாதீங்க. நோட்டு இல்லைன்னு சொல்லிரலாம்."

"இல்லைன்னு சொன்னா ஆர்டர் போயிரும்."

"இதைக் காட்டினாலும் போயிரும் சார். கூட மானமும் போகும். இருபத்திரண்டு பேரு வேலை சார் இது."

சரி, காட்டவில்லை என்றேன். வாயைத் திறந்து சொன்னேன், மனதால் சொல்லவில்லை. வேலையில் சேர்ந்த மறுநாள் முதலாளிக்கு வழி சொல்கிறாள்! தலைமைப் பண்பு என்று இதைத்தான் கல்லூரியில் சொல்லித்தருகிறார்கள் போல.

"பழைய நோட்டை எழுதின அக்கா நம்பர் இருக்கா சார்?" என்று கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன். மதியம் தெய்வானை சாப்பாடு கொண்டுவந்தவள் அவளோடு வாசலில் நின்று அரை மணி நேரம் பேசினாள். கோலத்தைப் பற்றி என்றாள்.

ஜனவரி 26, ஞாயிறு

சிலிண்டரை நானே துடைத்தேன். பளபளக்கிறது.

ஜனவரி 28, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அதற்கே கை வலிக்கிறது.

சோதனைக்கு வந்தவர் பெங்களூர்க்காரர். முப்பது வயது இருக்காது. இங்கிலீஷ் மட்டும்தான். நிவாஷினி கூடவே நடந்தாள். நானும் நடந்தேன். அவர் கேட்கக் கேட்க நான் "எஸ், எஸ்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். மூன்றாவது 'எஸ்'ஸுக்குப் பிறகு நிவாஷினி காதருகே வந்தாள்.

"சார், சிலிண்டர் காலியான்னு கேட்டாரு."

துடைத்தேன், நிரப்பவில்லை. அவர் எழுதிக்கொண்டார். வருகைப் பதிவேடு சரியாக இருந்தது. பிறகு ஊசி என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கே புரிந்தது. நிவாஷினி வாயைத் திறப்பதற்குள் அலமாரியிலிருந்து என் நோட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபம் கூட இல்லை அந்தப் பார்வையில். பேருந்தைத் தவறவிட்டவர்கள் பார்க்கிற மாதிரி.

அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். நடுவில் ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எல்லா ஊசியும் மின்னியது. எல்லாம் ஒரே இடத்தில் ஒடிந்திருந்தது. எழுந்து போய் ஒரு மெஷினில் இருந்த ஊசியைப் பார்த்தார். கையுறைக்குப் போடுவது தடிமன் ஊசி. நோட்டில் இருந்தது முழுக்க மெலிசு. அதுதான் பாக்கெட்டில் இருந்தது, நான் என்ன செய்ய? வந்து உட்கார்ந்து ஒரு தேதியில் விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"தீபாவளி அன்னைக்கும் மெஷின் ஓடுச்சான்னு கேக்கறாரு சார்."

"எங்க கம்பெனிக்கு லீவே கிடையாதுன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன் சார். அதுக்குத் தனியா கேஸ் போடுவாங்க."

அவர் நோட்டை மூடினார். பேனாவை மூடினார். மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிவாஷினி உடனே சொல்லவில்லை. தையல் சத்தம் நின்றிருந்தது. இருபத்திரண்டு பேரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரக்காள் முந்தானையை வாயில் வைக்கவில்லை.

"என்ன கேக்கறாரு?" என்றேன். அத்தனை பேர் முன்னாலும், சத்தமாக. இதுவரை இந்தக் கட்டடத்தில் நான் கேட்காத கேள்வி.

"இந்த ஊசியெல்லாம் உண்மையில எப்ப உடைஞ்சதுன்னு கேக்கறாரு. பதிலை நீங்களே சொல்லுங்க சார். நான் அப்படியே மாத்திச் சொல்றேன்."

என்னிடம் ஒன்பது பதில் தயாராக இருந்தது. ஒன்றைவிட ஒன்று அழகு. மழையில் நனைந்த நோட்டு, மறுபடி எழுதியது. மெஷின் கம்பெனிக்காரனின் சதி. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. நிமிர்ந்தபோது மாரக்காள் கண்ணில் பட்டாள்.

"ஜனவரி இருபத்திரண்டாம் தேதி," என்றேன். "சாயங்காலம் நாலரை மணிக்கு."

நிவாஷினி அதை இங்கிலீஷில் சொன்னாள். நான் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது. பெங்களூர்க்காரர் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார். பழைய நோட்டு எங்கே என்று கேட்டார். போகி அன்று எடைக்குப் போட்டேன், என்னவென்று தெரியாமல் போட்டேன் என்றேன். அதையும் மாற்றிச் சொன்னாள்.

அப்புறம்தான் அவள் தன் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். படம் படமாக வந்தது. கோகிலாவின் நோட்டு. கோணல்மாணலாக, துரு ஊசி, வளைந்த ஊசி, பக்கம் பக்கமாக அக்டோபர் வரை. மாதா மாதம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். தெய்வானை பேசிய கோலம் இதுதான்.

அவர் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அக்டோபர் வரை சரி. அதற்குப் பிறகு பதிவு இல்லை. போலி நோட்டு ஒன்று காட்டப்பட்டது, உரிமையாளரே ஒப்புக்கொண்டார். இப்படி எழுதினார். ஆர்டர் போகாது. அறுபது நாள் தவணை. மறுபடி வருவார்கள்.

அவர் வண்டி கிளம்பியதும் நிவாஷினியைக் கேட்டேன்.

"இது கையில இருந்தா முதல்லயே காட்ட வேண்டியதுதானே?"

"அக்கா ஒரு கண்டிஷன் போட்டாங்க சார். 'மாமா உண்மையைச் சொன்னாக் காட்டு. கதை விட்டாருன்னா காட்டாத, அப்புறம் இதையும் பொய்யின்னு சொல்லிருவாங்க'ன்னு."

என்ன நெஞ்சழுத்தம்! என் அக்கா மகள் அல்லவா.

ஜனவரி 29, புதன்

நூல் கடையில் நடந்ததைச் சொன்னேன். அதிகாரி கேட்டதும், உண்மை என்கிற ஆயுதத்தைக் கடைசி நிமிடத்தில் எடுத்து வீசினேன், அவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்றேன். சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் வந்து யோசனை கேட்டார்கள். ஒருவர்தான் வந்தார். அவரும் வழி கேட்க வந்தவர்.

ஏழாம் நம்பர் மெஷினில் இன்று ஒரு ஊசி உடைந்தது. இரண்டு துண்டு கிடைத்தது. மூன்றாவதைக் காணோம். மெஷினை நிறுத்தி, காந்தத்தை எடுத்துக்கொண்டு நானும் மாரக்காளும் தரையில் தேடினோம். முக்கால் மணி நேரம். அவள் தேடியதுதான் அதிகம் என்று எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 31, வெள்ளி

காலையிலேயே நிவாஷினியைக் கம்ப்யூட்டர் முன் உட்காரச் சொன்னேன். கோகிலாவுக்குச் சான்றிதழ்.

"எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரைன்னு போட்டுட்டேன் சார். என்ன வேலை பார்த்தாங்கன்னு சொல்லுங்க."

"நான் சொன்னதை டைப் அடிச்சா."

அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வர்ற கடிதத்தைப் படிச்சா," என்றேன்.

டைப் அடித்தாள்.

"படிச்சு எனக்குச் சொன்னா. யாருக்கும் தெரியாத மாதிரி சொன்னா. பதில் அவளே எழுதினா. நான் கோபத்துல சொன்னதை விட்டுட்டு மத்ததை எழுதினா. லாரிக்காரன் வரலீன்னா அவளே பேசினா. ஊசி நோட்டு. மின்வாரியம். பிரிண்டர். மாரக்கா புள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு. பாஸ்வேர்டு…"

"கொஞ்சம் மெதுவா சார்."

மெதுவாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. இந்த ஆளை வேலைக்கு எடுக்கிறவன் அதிர்ஷ்டக்காரன் என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டேன். அப்படியெல்லாம் சான்றிதழில் போட மாட்டார்கள் என்றாள். போடாததற்கு ஒரு காரணமும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு.

பிரிண்ட் எடுக்கும்போது பார்த்தால் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. கையெழுத்துப் போடும் இடம் கீழே தள்ளிப்போய்விட்டது.

"எழுத்தைச் சின்னதாக்கு" என்றேன்.

"வேண்டாம் சார். ரெண்டாவது பக்கம் போகட்டும்."

போகட்டும் என்றேன்.